பன்னிரண்டில் ஒரு பங்கு

2018 ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு, திருச்சி காந்தி மார்க்கெட் பக்கத்தில் ஓர் அடகுக் கடையின் முக்காலியில் உட்கார்ந்து, என்னுடைய இரண்டு வளையல்களும் தராசில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் ஒரு வளையலின் உட்புறத்தை உரைகல்லில் தேய்த்து, அந்தக் கோட்டின்மேல் ஒரு சொட்டுத் திராவகம் விட்டுச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். இரண்டு பவுன் என்று வாங்கியது 15.7 கிராம்தான் காட்டியது. கையில் போட்டுப் போட்டுத் தேய்ந்தது என்றார். பிறகு சீட்டு எழுதி, என் பெயர் எழுதிய துண்டுத் தாளோடு வளையல்களைச் சிறிய துணிப்பையில் போட்டு, வாயை நூலால் சுற்றிக் கட்டி உள்ளே எடுத்துக்கொண்டு போனார். முப்பதாயிரம் ரூபாய், நூற்றுக்கு இரண்டு வட்டி. வங்கியில் வைத்தால் வட்டி குறையும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்று மாலைக்குள் மகளின் பள்ளிக்கு முதல் தவணை கட்டியாக வேண்டியிருந்தது. அந்த வளையல்கள் அதே கடைக்குப் போவது அது மூன்றாவது முறை.

எங்களைத் தெரிந்த யாரும் எங்களை ஊதாரிகள் என்று சொல்லமாட்டார்கள். என் கணவர் துவாக்குடித் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வெல்டராக இருக்கிறார். குடி, சிகரெட் எதுவும் கிடையாது. நான் காந்தி மார்க்கெட்டில் ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடையில் கணக்கெழுதுகிறேன். அப்போது அவருக்கு 19,000, எனக்கு 12,500, ஆக மாதம் 31,500 ரூபாய் கைக்கு வந்தது. திருமணமான மாதத்திலிருந்தே வீட்டில் வரவு செலவு நோட்டு உண்டு. பால் பாக்கெட்டிலிருந்து பஸ் டிக்கெட் வரைக்கும் அதில் இருக்கும். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய் மிஞ்சும், அல்லது வரவும் செலவும் நேராக நிற்கும். அப்படியிருந்தும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது கடன் வாங்கினோம், ஒவ்வொரு முறையும் ‘இந்த மாதம் எதிர்பாராத செலவு வந்துவிட்டது’ என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதும் ஐப்பசியில் தீபாவளி வருவதும் எதிர்பாராதவையா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

அதைக் கேட்க வைத்தது என் கடை வேலைதான். அந்த ஜூன் மாதக் கடைசியில் கடையின் காலாண்டுக் கணக்கை முடித்துக்கொண்டிருந்தேன். வேலையாட்களுக்குத் தீபாவளியில் கொடுக்கவேண்டிய போனஸுக்காக, ஒவ்வொரு மாதமும் சம்பளத் தொகையில் 8.33 சதவீதத்தைத் தனியே ஒதுக்கி எழுதச் சொல்வது எங்கள் முதலாளியின் வழக்கம். போனஸ் சட்டப்படி கொடுக்கவேண்டிய குறைந்த அளவு அது. நூறைப் பன்னிரண்டால் வகுத்தால் வருகிற எண், அதாவது ஒரு மாதச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஐப்பசியில் கொடுக்கப்போகும் பணத்தைச் சித்திரையிலேயே செலவாக எழுதுகிற அந்தப் பதிவை ஆறு ஆண்டுகளாக என் கையாலேயே போட்டுவந்தேன். கடைக்கு ஆண்டு முழுவதற்கும் கணக்குப் பார்த்த நான், என் வீட்டுக்கு மட்டும் முப்பது நாளுக்குத்தான் கணக்குப் பார்த்துவந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கி, 2017 ஜூன் முதல் 2018 மே வரைக்கும் உள்ள பக்கங்களைக் கணவர் படிக்க, மாதாமாதம் வராத செலவுகளை மட்டும் நான் தனித் தாளில் எழுதினேன். பள்ளிக் கட்டணம் இரண்டு தவணை 26,000. சீருடை, புத்தகம், ஷூ 6,500. தீபாவளிக்குத் துணி, பலகாரம், பட்டாசு எல்லாம் சேர்த்து 15,000, பொங்கலுக்கு 5,000. மொய்யும் சீரும் 19,500. எங்கள் இருவருடைய ஆயுள் காப்பீட்டுத் தவணை 12,400. வண்டிக்குக் காப்பீடு, சர்வீஸ், ஒரு டயர் என்று 6,800. காய்ச்சல், பல்வலி, ஒரு முறை மகளுக்கு நெபுலைசர் என மருத்துவத்துக்கு 9,300. குலதெய்வக் கோயிலுக்கும் ஊருக்கும் போய்வந்தது 7,500. மிக்ஸி, மின்விசிறி, கேஸ் அடுப்புப் பழுதுகளுக்கு 4,600. கூட்டினால் 1,12,600 ரூபாய் வந்தது. கணவர் நம்பாமல் தன் கைபேசியில் மறுபடியும் கூட்டினார்.

அந்தத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 9,383 ரூபாய். அதாவது எங்கள் சம்பளம் 31,500 என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மாதச் செலவுக்கென்று உண்மையில் எங்களிடம் இருந்தது 22,117 ரூபாய்தான். மிச்சம் எங்கள் கைக்கு வருவதற்கு முன்பே பள்ளிக்கூடத்துக்கும் தீபாவளிக்கும் உறவினர் வீட்டுக் கல்யாணங்களுக்கும் போய்விட்ட பணம். நாங்கள் 30,500 ரூபாய்க்குக் குடும்பம் நடத்திக்கொண்டு, நோட்டில் மாதக் கணக்கு நேராக நிற்பதைப் பார்த்து நிம்மதியாக இருந்தோம். போனஸும், பட்டறையில் வேலை அதிகமுள்ள மாதங்களில் கணவருக்குக் கூடுதல் நேர வேலைக்காக வரும் ஓ.டி. பணமும் சேர்ந்து அறுபதாயிரம் ரூபாய் அந்தப் பள்ளத்தை நிரப்பியது. மாத மிச்சம் பத்துப் பன்னிரண்டாயிரம் போக, மீதி நாற்பதாயிரம் ரூபாய் அடகும் கைமாற்றுமாக வந்திருந்தது. சிக்கனம் என்றவுடன் டீயைக் குறை, ஹோட்டலைக் குறை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். டீயை விட்டதால் எங்கள் வளையல் மீண்டிருக்காது என்பதை அந்தத் தாளைப் பார்த்தபோது உறுதியாகத் தெரிந்துகொண்டேன்.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நோட்டு இல்லாவிட்டால் நினைவை நம்பி எழுத உட்காராதீர்கள். நினைவு பாதியை விட்டுவிடும். வங்கிக் கணக்கின் ஓராண்டுப் பதிவை எடுத்து, மூவாயிரத்துக்கு மேல் போன ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது எதற்காகப் போனது என்று எழுதினாலே பட்டியலில் முக்கால்வாசி வந்துவிடும். மிச்சத்துக்குத் தமிழ் மாதங்களைச் சித்திரையிலிருந்து பங்குனி வரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள்; ஆடி என்றதும் குலதெய்வம், ஆவணி என்றதும் கல்யாணங்கள், கார்த்திகை என்றதும் மாலை போடுவது என்று செலவுகள் தாமாகவே நினைவுக்கு வரும்.

பட்டியல் ஒரு மாலையில் முடிந்துவிட்டது. பணத்தை ஒதுக்குவதற்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. இருவருக்கும் ஒரு மாதச் சம்பள அளவுக்குப் போனஸ் உறுதியாக வருவது என்பதால் அந்த 31,500 ரூபாயை நேராக ஆண்டுச் செலவுக் கணக்கில் போடுவது என்று தீர்மானித்தோம். அதைக் கழித்தால் மாதத்துக்கு 6,758 ரூபாய் ஒதுக்க வேண்டும். ஓ.டி. பணத்தை வரவாகவே எண்ணக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பட்டறைக்கு ஆர்டர் வந்தால்தான் ஓ.டி.; ஆர்டர் இல்லாத நான்கு மாதங்களில் அதை நம்பிச் செய்த ஏற்பாடு எல்லாம் கடனாக மாறும். வந்தால் ஆண்டுக் கணக்குக்குப் போகட்டும், வராவிட்டால் ஒன்றும் நின்றுவிடக் கூடாது என்றேன். கணவருக்கு இது மனவருத்தம்தான். ஞாயிற்றுக்கிழமையும் தீப்பொறிக்கு முன்னால் நின்று சம்பாதிக்கிற பணத்தில் ஒரு பகுதியைத் தன் இஷ்டப்படி செலவழிக்க முடியாதா என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது என்பதால், ஓ.டி.யில் பத்தில் ஒரு பங்கு அவருடையது, அதற்கு நோட்டில் கணக்கெழுத வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். இன்று வரை அது அப்படியே நடக்கிறது. அதில் அவர் என்ன வாங்குகிறார் என்று நான் கேட்டதில்லை.

முதல் மாதம் 3,500 ரூபாய்தான் ஒதுக்க முடிந்தது. அடுத்து வாடகையில் கை வைத்தோம். திருவெறும்பூரில் பிரதான சாலையை ஒட்டி 7,500 ரூபாய் வாடகையில் இருந்தவர்கள், ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே தள்ளி 5,500 ரூபாய்க்கு ஒரு வீடு பார்த்தோம். ஆடியில் வீடு மாறக் கூடாது என்று அத்தை, அதாவது என் மாமியார், சொன்னதால் ஆவணி பிறக்கும்வரை காத்திருந்து குடிபோனோம். பழைய வீட்டு முன்பணம் ஐம்பதாயிரம் திரும்பி வந்தது, புது வீட்டுக்கு முப்பதாயிரம் போதுமானதாக இருந்தது. மிஞ்சிய இருபதாயிரத்தை அப்படியே அடகுக் கடையில் கட்டினேன். தீபாவளி போனஸில் மீதிப் பத்தாயிரத்தையும் கட்டி வளையல்களை மீட்டேன். ஐந்து மாதத்துக்கு 2,200 ரூபாய் வட்டி போயிருந்தது. வாடகையில் குறைந்த இரண்டாயிரம் மாதாமாதம் மிஞ்சிக்கொண்டே இருக்கும், அதற்காக நாம் தினமும் மனத்தைக் கட்டுப்படுத்த வேண்டியதில்லை. ஆகவே பெரிய தொகையாக மாதாமாதம் போகும் ஒன்றைக் குறைக்க வழி இருந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும் என்பேன்.

அடுத்தது சமையலறை. அது வரையில் ரேஷன் கடையில் சர்க்கரை மட்டும் வாங்கிக்கொண்டு, கூட்டத்துக்குப் பயந்து மற்றதை விட்டுக்கொண்டிருந்தேன். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய் என்ற விலையில் கிடைப்பதை விட்டுவிட்டு, வெளிக்கடையில் இரண்டு மூன்று மடங்கு விலை கொடுத்துவந்திருக்கிறேன். ரேஷன் புழுங்கலரிசியை இட்லி மாவுக்கு வைத்துக்கொண்டதில் இட்லி அரிசிச் செலவு நின்றது. நன்றாக ஊறவைத்து, உளுந்தைக் கொஞ்சம் கூட்டினால் இட்லி மென்மையாகவே வரும். காய்கறி வாங்குவதில் ஒரு தவறும் செய்தேன். மார்க்கெட்டிலேயே வேலை பார்ப்பதால் மாலையில் மலிவாகக் கிடைக்கிறது என்று தக்காளி ஐந்து கிலோ, சின்ன வெங்காயம் மூன்று கிலோ என்று தூக்கி வந்துவிடுவேன். நான்கு பேருக்கு அது செலவாகாது. வியாழக்கிழமைக்குள் பாதி அழுகும். கிலோவுக்கு எட்டு ரூபாய் மிச்சம் பிடித்து இரண்டு கிலோவைக் குப்பையில் கொட்டியதை நோட்டில் எழுதியபோதுதான் அளவாக வாங்கும் பழக்கம் வந்தது.

இனி மொய். தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்தைச் சேராதவர்களுக்கு இது மிகையாகத் தோன்றலாம், ஆனால் எங்கள் வீட்டுக் கணக்கை மொய்யை விட்டுவிட்டு எழுதவே முடியாது. என் கணவருக்குச் சொந்த ஊர் கீரமங்கலம் பக்கம். அந்தப் பகுதியிலும் பேராவூரணி வட்டாரத்திலும் ஆடி, ஆவணி மாதங்களில் மொய் விருந்து நடக்கும். விசேஷம் எதுவும் இல்லாவிட்டாலும் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். வாங்கியதைத் திருப்பிச் செய்யும்போது அதற்கு மேல் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். அந்தக் கூடுதலுக்குப் புதுநடை என்று பெயர். 2015-இல் மகளுக்குக் காதணி விழா நடத்தியபோது எங்களுக்கு 1,86,000 ரூபாய் மொய் வந்தது. விழாச் செலவு 1,60,000 போக 26,000 மிஞ்சியதாக மகிழ்ந்து, அதில் வாஷிங் மெஷின் வாங்கினோம். மொய் நோட்டில் இருந்த 412 பெயர்களும் எங்கள் வீட்டுக்கு 412 கடன்கள் என்பதை நாங்கள் அன்று நினைக்கவில்லை. அந்த 1,86,000 ரூபாயும் வட்டியில்லாக் கடன். தவணைத் தேதி மட்டும் நம் கையில் இல்லை.

2018 ஆடியில் அத்தை எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது, மொய் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவரிடம் கேட்டேன்.

“அத்தை, வர்ற ஒரு வருசத்துல நம்ம பக்கம் யார் யாரு வீட்டுல விசேஷம் வரும்?”

அத்தை நோட்டைப் பார்க்கவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டே, “மேலத்தெருப் பெரியவுக வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஆவணியில முடிச்சிருவாக. நம்ம பங்காளி வீட்டுல தையில புது வீடு குடிபோறாக. கடைக்காரவுக அஞ்சு வருசத்துக்கு முந்தி விருந்து வச்சாக, அடுத்த ஆடிக்குக் கண்டிப்பா வைப்பாக” என்று இருபத்துமூன்று வீடுகளைச் சொன்னார். ஒவ்வொரு வீடும் எங்களுக்கு எவ்வளவு செய்திருந்தது என்பதை நான் நோட்டில் பார்த்து எழுதினேன். கூட்டுத்தொகை 17,800. அந்த ஆண்டு முடிவில் நாங்கள் உண்மையில் செய்த மொய் 18,900. படித்த நான் போட்ட எந்த மதிப்பீடும் இவ்வளவு நெருங்கி வந்ததில்லை. அன்றிலிருந்து ஆண்டுதோறும் ஆடி முதல் வாரத்தில் அத்தையிடம் கேட்டு எழுதுவது வழக்கமாகிவிட்டது.

மொய்க்கு நாங்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு எளிமையானது. வந்ததைக் குறைக்காமல் திருப்பிச் செய்வோம். அது மரியாதை சம்பந்தப்பட்டது, அதில் சிக்கனம் பார்ப்பது அசிங்கம். புதுநடையை நூறோ இருநூறோ என்று அளவோடு வைத்துக்கொண்டோம். எங்களுக்குச் செய்யாதவர்களுடைய விசேஷத்துக்கு அழைப்பு வந்தால், நேரில் போய் நிற்பதும் வேலை செய்வதும்தான் எங்கள் மொய். பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் என் கணவர் இரண்டு இரவு பந்திப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டதை அந்த வீட்டார் இன்னமும் சொல்கிறார்கள்.

ஒதுக்கிய பணத்தை எங்கே வைப்பது என்பது தனிக் கேள்வி. அஞ்சலகத்தில் ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்கினேன். வட்டி 4 சதவீதம்தான். ஏ.டி.எம். அட்டையும் வாங்கவில்லை, கைபேசியிலும் இணைக்கவில்லை. வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டு, பாஸ் புத்தகத்தோடு போய்ப் படிவம் எழுதி நின்றால்தான் பணம் கைக்கு வரும். அந்தத் தொல்லை எனக்குத் தேவையாக இருந்தது. கைபேசியில் ஸ்கேன் செய்து பணம் அனுப்புவதற்கு இணைத்திருக்கும் கணக்கில், சனிக்கிழமைதோறும் அந்த வாரச் செலவுக்கான பணத்தை மட்டும் மாற்றுகிறோம். வியாழக்கிழமை இருநூறு ரூபாய்தான் இருக்கிறது என்றால், வெள்ளிக்கிழமை ரசமும் அப்பளமும்தான்.

ஆனாலும் முதலாண்டிலேயே ஒரு முறை தவறினோம். 2019 தை மாதம் ஆண்டுச் செலவுக் கணக்கில் 38,000 ரூபாய் இருந்தது. அவ்வளவு பணத்தை நாங்கள் சேர்த்து வைத்துப் பார்த்ததே இல்லை. பழைய ஃபிரிட்ஜ் தண்ணீர் ஒழுக ஆரம்பித்திருந்தது. பொங்கல் தள்ளுபடியில் 17,000 ரூபாய்க்குப் புதிது வாங்கினோம். கடனில்லாமல் வாங்கியதாகப் பெருமையாகவும் இருந்தது. ஜூன் வந்தபோது பள்ளிக் கட்டணத்துக்கு ஆறாயிரம் குறைந்தது, அக்காவிடம் கைமாற்று வாங்கினேன். அந்தக் கணக்கில் இருந்த பணம் சேமிப்பு அல்ல. ஒவ்வொரு ரூபாய்க்கும் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. ஃபிரிட்ஜ் என்ற பெயர் பட்டியலில் இல்லை. ஆண்டுச் செலவுக்கு ஒதுக்குபவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இந்த இடத்தில் ஒரு முறையாவது சறுக்குவார்கள் என்று நினைக்கிறேன். இப்போது பாஸ் புத்தக அட்டையின் உட்புறத்தில், இருப்பில் எவ்வளவு எதற்காக என்று பென்சிலால் எழுதி, மாதாமாதம் அழித்து எழுதுகிறேன். சேமிப்பு என்பது அதற்கு மேல் வைப்பது. அதற்கு வேறு கணக்கு, வேறு பெயர்.

2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியபோது ஆண்டுச் செலவுக் கணக்கில் 46,000 ரூபாய் இருந்தது. பட்டறை மூடப்பட்டதால் ஏப்ரல் மாதம் கணவருக்குச் சம்பளம் இல்லை, மே மாதம் பாதி. எனக்கும் இரண்டு மாதம் பாதிச் சம்பளம்தான் வந்தது. கல்யாணங்கள் தள்ளிப்போயின, கோயில்கள் பூட்டியிருந்தன, பள்ளிக்கூடம் திறக்கவில்லை. அவற்றின் பெயரில் இருந்த பணம் வாடகையாகவும் அரிசி பருப்பாகவும் மாறியது. எங்கள் தெருவில் அந்த இரண்டு மாதத்தில் கந்துவட்டிக்கு வாங்கியவர்கள் இருந்தார்கள். அவர்கள் எங்களைவிடக் கூடுதலாகச் செலவழித்தவர்கள் அல்லர். எங்களிடம் அந்தப் பணம் இருந்தது என்பதைத் தவிர வேறு வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

2021 மே மாதம் அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. திருவெறும்பூரிலிருந்து மார்க்கெட்டுக்கு நாள்தோறும் போய்வரும் எனக்கு அதில் மாதம் ஐந்நூறு ரூபாய் மிஞ்சியது. அந்த ஐந்நூறு, வீட்டுச் செலவோடு கலந்துவிட்டால் இரண்டாம் மாதமே காணாமல் போய்விடும் என்பதால், அடுத்த மாதமே அஞ்சலகத்தில் ஐந்தாண்டுத் தொடர் வைப்புத் தொடங்கினேன். அப்போதைய வட்டி 5.8 சதவீதம், ஐந்தாண்டு முடிவில் கட்டிய முப்பதாயிரத்துக்கு 34,800 ரூபாய்க்கு மேல் கிடைக்கும் கணக்கு. ஒரு செலவு நின்றாலோ ஒரு கடன் தவணை முடிந்தாலோ, அந்தத் தொகைக்கு அதே மாதத்தில் வேறு இடம் காட்டிவிட வேண்டும்.

மின்கட்டணத்தில் தெரிந்துகொண்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023 கோடையில் அத்தைக்கு வெயில் தாங்கவில்லை என்று பழைய ஏ.சி. ஒன்றை வாங்கி மாட்டினோம். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள், முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குப் பாதி விலைதான். 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை போய்விடும். 2022 செப்டம்பரில் வந்த விகிதப்படி அப்போது 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாயும், 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாயும் ஆனது. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய். அதனால் கணக்கெடுக்கும் தேதியைச் சுவரில் எழுதி, ஞாயிறுதோறும் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறோம். கடைசி வாரம் 480-ஐ நெருங்கினால் அத்தை தாமாகவே மொட்டை மாடிக்குப் படுக்கப் போய்விடுவார்.

அதே 2023-இல் மகளை ஆறாம் வகுப்பில் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் சேர்த்தோம். பள்ளிக் கட்டணம் அதற்குள் 41,000 ஆகியிருந்தது உண்மை. ஆனால் பணத்துக்காக மட்டும் செய்த முடிவு அல்ல அது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது, அப்படிப் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. இரண்டுக்கும் ஆறாம் வகுப்பிலேயே முடிவெடுத்தாக வேண்டும். சேர்ப்பதற்கு முன்பு மூன்று முறை அந்தப் பள்ளிக்குப் போய், ஆசிரியர்களையும் அங்கே படிக்கும் பிள்ளைகளின் தாய்மார்களையும் பார்த்துப் பேசினேன். கழிப்பறையையும் பார்த்தேன். மகள் இப்போது அங்கே மகிழ்ச்சியாகப் படிக்கிறாள். அந்தப் பள்ளி நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் வேறு எதையாவது குறைத்து 41,000-ஐக் கட்டியிருப்போம்.

சென்னை அம்பத்தூரில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை. நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். எனக்குக் குடும்பமா குட்டியா, இதெல்லாம் எதற்கு அக்கா என்றவனை உட்காரவைத்து எழுதச் சொன்னேன். தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்கு வந்துபோக ஆம்னி பஸ் கட்டணம், அம்மாவுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் எடுக்கும் துணி, நண்பர்களின் கல்யாணங்கள், வண்டிக் காப்பீடு, உடைந்த கைபேசிக்கு மாற்று என்று அவனுக்கும் 58,000 ரூபாய் வந்தது. அவ்வளவும் அதுவரை கிரெடிட் கார்டில் ஏறி, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி, மாதம் மூன்றரை சதவீத வட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அவன் மாதம் 4,800 ஒதுக்குகிறான். கார்டை முழுவதும் அடைக்க அவனுக்குப் பதினான்கு மாதம் ஆனது.

இந்த ஆண்டுப் பட்டியலை ஆடி முதல் ஞாயிறு எழுதி முடித்தோம். அத்தையின் முழங்கால் வைத்தியம் புதிதாக ஏறியிருக்கிறது, மகனுக்குக் கண்ணாடி, எனக்குப் பல் மருத்துவம். மொத்தம் 1,71,000. சம்பளங்களும் கூடியிருப்பதால் ஒதுக்க முடிகிறது. ஒரு வரி மட்டும் தொகை எழுதாமல் நிற்கிறது: மகனுடைய காதணி விழா. நடத்தாவிட்டால், 2015-க்குப் பிறகு நாங்கள் புதுநடையாகவும் புதிதாகவும் செய்த 64,000 ரூபாய் திரும்பி வருவதற்கு வழியில்லை. நடத்தினால் நானூறு வீடுகளுக்கு மறுபடியும் கடன்படுவோம், அதை அடைக்கும்போது எங்களுக்கு ஐம்பது வயதாகிவிடும். கணவர் நடத்த வேண்டும் என்கிறார், நான் பங்காளிகளை மட்டும் கூப்பிட்டுக் கோயிலில் முடிக்கலாம் என்கிறேன். அத்தை இரண்டு பக்கமும் பேசாமல், கீரமங்கலத்தில் பந்தலுக்கும் சமையலுக்கும் விலை கேட்டு, ஒரு சீட்டில் எழுதி வாங்கி என்னிடம் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டு இப்போதைக்கு மொய் நோட்டுக்குள் இருக்கிறது.